சின்னத் துப்பாக்கியைச் சொன்னவள்

என் நாத்தனார் ஜெனிட்டாவுக்கு ஒரு நண்டைக் கொல்லத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஆன்டோ துறைமுகத்திலிருந்து உயிர் நண்டு வாங்கிவந்து தொட்டியில் போட்டால், இவள் சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். நான்தான் ஓட்டைப் பிரித்து, காலை முறித்து, கழுவி எடுக்க வேண்டும். குழம்பு வாசனை வந்ததும் முதல் ஆளாகத் தட்டோடு வந்து உட்காருவாள். "வெக்கமா இல்லடி உனக்கு?" என்று கேட்டால், "சாப்புடுறதுக்கு என்னா வெக்கம் அண்ணி" என்பாள். அப்பேர்ப்பட்டவள்தான், எங்கோ நியூசிலாந்தில் இருக்கிறவர்களுக்கு, மலைமேல் பெரிய மிருகம் சுட எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று யோசனை சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

ஜெனிட்டா அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள். கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை ஜோசப்ராஜுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. தங்கமான மனுஷன். ஒரு மழை நாளில் வேலை முடிந்து பைக்கில் தனியாக வந்தவர், ரோட்டில் தண்ணீர் நின்ற பள்ளத்தில் வண்டியை விட்டு விழுந்தார். வெகு நேரம் அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை, அங்கேயே உயிர் போய்விட்டது. இவள் வீட்டில் தோசை மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "நான் கூட இருந்திருந்தா ஒரு வாய் தண்ணியாவது குடுத்திருப்பேன் அண்ணி." கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு இவள் வாயிலிருந்து அதிகம் வந்த பேச்சு இதுதான்.

சிதம்பரம் அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜின் மாடியில், சிவசங்கர் என்பவர் ஓர் ஆபீஸ் வைத்திருக்கிறார். வெளிநாட்டுக் கடைகளுக்கு வருகிற போனையும் மெசேஜையும் இங்கிருந்தே பார்த்துக்கொள்வது தொழில். ஜெனிட்டா அங்கே சேர்ந்தாள். முதலில் ஜன்னல் திரை விற்கிற கடையைக் கொடுத்தார்கள். பிறகு வேட்டைச் சாமான் கடை. அங்கே கடை சாத்தினபின் சாயங்காலம் கூப்பிடுகிறவர்களுக்கு, நம் பகல் நேரத்தில் இவள் பதில் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சிதம்பரம் போய்வந்தால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. வீடு என்று சொன்னாலும், உட்காருவது என் தையல் கடையின் பின்னறையில். முன்னால் என் மிஷின் ஓடும், பின்னால் இவள் இங்கிலீஷ் ஓடும். பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள், அது அவள் குணம். துப்பாக்கியைத் தொட்டதில்லை. போலீஸ்காரர் தோளில் தொங்குகிற த்ரீ நாட் த்ரீயைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து படித்தாள், வீடியோ பார்த்தாள், அந்த ஊர் வேட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போடுகிற சண்டையெல்லாம் படித்தாள். சோறு தின்கிற நேரத்தில் எனக்கும் அதுதான் தொடுகறி.

"உன் ஊசி நம்பர் மாதிரிதான் அண்ணி. மெல்லிசு வாயில் புடவைக்கு பதினொண்ணு போடுற, ஜீன்ஸுக்கு பதினெட்டு போடுற இல்ல? அந்த மாதிரி முயலுக்கு ஒண்ணு, மானுக்கு ஒண்ணு, மலையில இருக்கிற தாருக்கு ஒண்ணு."

"தாரா? அது என்னாடி?"

"காட்டு ஆடு. நம்ம வரையாட்டுக்குப் பங்காளி. வெள்ளைக்காரன் இமயமலையிலேருந்து கொண்டாந்து அங்க வுட்டுட்டான், பெருகிப்போச்சி. கடா ஒண்ணு உன் வீட்டுக்காரரை விட கனம் ஜாஸ்தி."

"அப்ப பெரிய குண்டாப் போட வேண்டியதுதானே?"

"எல்லாரும் அங்கதான் தப்பு பண்றாங்க. குண்டு தடிமன்ல நூல் அளவுதான் வித்தியாசம். பின்னாடி இருக்கிற மருந்துதான் ஜாஸ்தி. மருந்து ஜாஸ்தியானா தோளுல உதைக்கும். ரெண்டு தடவை உதை வாங்குனவன் அடுத்த தடவை சுடுறப்பவே கண்ணை மூடிக்குவான். முன்னங்கால் சப்பைக்குப் பின்னாடி, நெஞ்சுல பட்டா, சின்னதே போதும். வயித்துல பட்டா பீரங்கியே வச்சாலும் ஓடிப்போயி எங்கியாவது கிடந்துதான் சாவும்."

"சோத்துல கை வச்சிருக்கேன், வாயை மூடு" என்று அதட்டினேன். அதட்டினாலும் மனசில் பதிந்துவிட்டது.

அந்த ஆகஸ்ட் மாதம் ஒருவர் கூப்பிட்டார். பெயர் டெரிக். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வயலில் முயல் சுட்டதோடு சரி. மலை ஏறி ஒரு தார் சுட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம். பக்கத்து ஊர்க் கடையில் முந்நூறு மேக்னம் என்கிற பெரிய துப்பாக்கியைத்தான் வாங்கச் சொல்கிறார்கள், இன்னொன்று ஏழு எம்.எம்.மில் சின்னதாக இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டார். பெரியதை அவர் தாங்கிக்கொள்வார். அவர் மனைவி ஒருதரம் சுட்டுப் பார்த்து, தோள் கன்றிப்போய், "இந்த உதைக்கு நான் வரலை, நீங்களே போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாளாம். தனியாகப் போவது பற்றிக்கூட அவருக்குக் கவலை இல்லையாம்.

என் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பெரியதை விற்றால் கடைக்கு நல்லது, அது ஜெனிட்டாவுக்குத் தெரியும். அவளோ, "சின்னதை எடுங்கள். நெஞ்சைப் பார்த்துச் சுட்டால் அது தாராளமாகப் போதும். மலைக்குத் தனியாகப் போகாதீர்கள், உங்கள் மனைவியையும் கூட்டிப்போங்கள்" என்றாள். அந்த மனிதர் சந்தோஷமாகச் சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. "அவளுக்கு முட்டி வலி, வருவாளோ என்னவோ, கேட்டுப் பார்க்கிறேன். போய்வந்து உனக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்" என்றார். எந்த மலை, எந்த மாதம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அவர் சொன்ன செப்டம்பரும் போயிற்று. அவர் கூப்பிடவில்லை. மறந்திருப்பார் என்றேன் நான். வேட்டைக்குப் போய் வந்தவன் கடலூர்க்காரி ஞாபகமாகவா இருப்பான்? ஆனால் ஒருநாள் ஜெனிட்டா போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே வெளுத்துப்போனாள். அந்த ஊர்ச் செய்தி. டெரிக் சொன்ன அதே மலைப்பக்கம், வேட்டைக்குப் போன ஒருவர் பனியில் சறுக்கி விழுந்து இறந்துவிட்டார்.

"பேரு என்னா போட்டிருக்கு?"

"போடல. குடும்பத்துக்குச் சொன்ன பிறகுதான் போடுவாங்களாம்."

"சரி, நாளைக்குப் பாரு."

அவள் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளும் பார்க்கவில்லை. "குடுடி போனை, நான் பாக்குறேன்" என்று கையை நீட்டினால், இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விடுவாள். "பாத்தா நிஜமாயிடும் அண்ணி" என்றாள். அவராக ஒரு வார்த்தை பேசினால்தான் உண்டு. இவளாகக் கூப்பிட்டுக் கேட்கக் கம்பெனியில் அனுமதி கிடையாது.

அவள் மனசில் அதற்குள் முழுக்கதையும் ஓடி முடிந்திருந்தது. சின்ன குண்டு, மிருகம் சுட்ட இடத்தில் விழவில்லை, அடிபட்டு ஓடியது, அதைத் தேடிப் பனியில் இறங்கினார், விழுந்தார். "பெருசைச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு வீட்டுல உக்காந்து டீ குடிச்சிகிட்டு இருப்பாரு." நீதானேடி சின்னதே போதும் என்று பாடம் நடத்தினாய் என்று கேட்டேன். படித்ததெல்லாம் பயத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவளுக்கு டெரிக்கின் குரல் கேட்க ஆரம்பித்தது. ஆணியில் மாட்டியிருக்கும் ஹெட்போன், எதிலும் செருகவில்லை, அதிலிருந்து கேட்கிறது என்பாள். பட்டப்பகலில், நான் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று எழுந்து அதன் அருகில் போய் நிற்பாள். "எது நல்லதுன்னு நினைக்கிற?" என்று அவர் கேட்கிறாராம். அவ்வளவுதான், வேறெதுவும் இல்லை. பாத்திரம் விளக்கும்போது கேட்கும். பால் வாங்கப் போகும்போது பின்னாலிருந்து கேட்கும். வேலை முடிந்ததும் நான் அந்த ஹெட்போனை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோவுக்குள்ளிருந்து கேட்டதாம்.

எனக்கும் பயம் வந்துவிட்டது, மறைப்பானேன். மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலை சொன்னேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தால் இவள் பீரோவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஜோசப் ஒருநாளும் வந்ததில்ல அண்ணி" என்றாள். "எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன், ஒருதரம் வந்துட்டுப் போன்னு. வர்லை. முகம்கூடத் தெரியாத இந்த ஆளு வர்றாரு பாரு."

தீபாவளி வந்தது. தெரு முழுக்க வெடி. ஒவ்வொரு வெடிக்கும் இவள் தோள் பின்னால் போயிற்று, யாரோ உதைத்தாற்போல. காதில் பஞ்சை வைத்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

அந்தப் புகை அடங்குவதற்குள் கல்லறைத் திருநாள். எங்களில் அன்றைக்குச் செத்தவர்களுக்குப் பூசை வைப்போம். முந்தின நாளே கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி வைத்துவிடுவோம். பூசையில் சாமியார், அவரவர் வீட்டில் எழுதிக்கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். ஜோசப்ராஜ் பெயர் வந்தது, நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அடுத்த பெயரில் சாமியார் தடுமாறினார். "டெ... டெரிக்" என்று வாசித்தார்.

திரும்பிப் பார்த்தால் இவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். வெளியே வந்ததும் கல்லறைத் தோட்டம் என்றும் பாராமல் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? செத்தானா இல்லியான்னே தெரியாது. உசுரோட இருக்கிறவன் பேரை யாராவது ஆத்துமாக்களோட வாசிக்கச் சொல்லுவாங்களா? அவன் நல்லா இருந்தா இப்ப அவனுக்கு ஏதாவது ஆயிடாது?"

"செத்துட்டாரு அண்ணி. அதான் அலையிறாரு. பூசை வச்சா போயிடுவாரு."

"இருந்தா?"

மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து போயிற்று, அதையே திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தாள். நான் கேட்ட கேள்வி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, முகத்தில் தெரிந்தது. முன்பாவது அந்த மனுஷனைத் தெரியாமல் கொன்றுவிட்டோம் என்ற பயம். இப்போது, பிழைத்திருந்தால் நானே பெயர் சொல்லி அனுப்பிவிட்டேனே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். பின்னறையிலிருந்து ஓர் அலறல். ஓடினேன். ஹெட்போனைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அண்ணி, அவருதான். பேரு சொல்றாரு. உனக்குக் கேக்குதா பாரு."

நானே கம்ப்யூட்டரிலிருந்து ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அறை முழுக்கக் கேட்டது, ஒரு கிழவரின் குரல். "ஹலோ? இருக்கிறாயா? நான்தான் டெரிக்."

"ஐயோ மாதாவே! உசுரோட இருக்கான்டி!" என்று கத்திவிட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையில் அளவு கொடுக்க நின்ற பெண் என்னமோ ஏதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜெனிட்டா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். என் இங்கிலீஷுக்குப் பாதி புரிந்தது, மீதியை ஜெனிட்டாவின் முகம் சொல்லிவிட்டது. மலைக்கு இரண்டு பேருமாகத்தான் போனார்களாம், அவரும் அவர் மனைவி ஹெலனும். துப்பாக்கி இலேசாக இருக்கிறது என்று அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாம். எதிரே பாறையில் ஒரு கடா நின்றது. "நீ சுடு" என்று இவரே கொடுத்தாராம். சுட்டாள். வயிற்றில் பட்டது. அது விழாமல் கீழே இறங்கி, பாறை இடுக்கில் நின்று கத்தியது. அவளால் தாங்க முடியவில்லை. "என் தப்பு இது. நானே போய் முடிச்சிட்டு வர்றேன்" என்று துப்பாக்கியோடு இறங்கினாள். பனியில் கால் வழுக்கிவிட்டது.

செத்தவள் அந்த அம்மா. இத்தனை நாளும் நாங்கள் ஒருதரம்கூட அவளை நினைக்கவில்லை. ஜெனிட்டாவுக்குக் கேட்ட குரல் அவருடையதுதானே.

டெரிக் எந்தப் புகாரும் சொல்லவில்லை. கத்தவும் இல்லை. விசாரணை செய்தவர்கள், பழக்கமில்லாதவள், குறி தப்பிச் சுட்டாள், அதனால் வந்த வினை என்று முடித்துவிட்டார்களாம். அவள் தங்கையும் அதையே சொல்கிறாளாம். "அவள் கடைசியாகச் சொன்னது, என் தப்பு என்பதுதான். எனக்குத் துப்பாக்கி பற்றி அதிகம் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சொல். அது அவள் தப்புதானா?"

ஜெனிட்டா ஹெட்போனைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு நன்றாகத் தெரியும், அவளுக்கு என்ன பதில் தெரியுமென்று. வயிற்றில் பட்டால் எந்தக் குண்டும் ஒன்றுதான். பெரியதாக இருந்தாலும் அது ஓடித்தான் இருக்கும். அப்படிச் சொன்னால் இவள்மேல் இருந்த பாரம் மொத்தமும் இறங்கிவிடும், இத்தனை நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் ஒரு முடிவு. சொல்லடி, சொல்லிவிடு என்று நான் உள்ளுக்குள் தவித்தேன்.

"இல்லை" என்றாள் ஜெனிட்டா. "அவங்க தப்பு இல்லை. அந்த மிருகத்துக்கு அந்தத் துப்பாக்கி பத்தாது. பெருசா இருந்தா அங்கேயே விழுந்திருக்கும். பெருசு வேணாம்னு சொன்னது நான். தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் ஒரு கேவல். பிறகு, "நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேசுவதெல்லாம் பதிவாகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இரண்டு நாளில் சிவசங்கர் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் சிதம்பரம் போனேன். அந்த மாடி ஆபீஸில் ஹெட்போன் மாட்டின பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவசங்கர் கெட்டவர் இல்லை. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, தப்பு நம்மளுதுன்னு வாயால சொல்லலாமா? நாளைக்கு அந்த ஆளு கேஸ் போட்டா கடைக்காரன் என்னைத்தானே கேப்பான்? அதுவும் நீ சொன்னது பொய்யி. வயித்துல பட்டா எதுவும் நிக்காதுன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீதானேம்மா."

"ஆமா சார்."

"பின்ன ஏன் சொன்ன?"

"சொல்லணும்னு தோணுச்சி சார்."

அவரால் வேறு என்ன செய்ய முடியும்? இனிமேல் வர வேண்டாம் என்றார். அங்கிருந்த பெண் ஒருத்தி கீழே வரைக்கும் கூடவே வந்து ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவள் அழவில்லை. நான்தான் படி இறங்குகிறவரை பொருமிக்கொண்டே வந்தேன்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் தாண்டியது. நான்தான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தேன்.

"இப்பவும் கேக்குதா அந்தக் குரலு?"

"இல்ல அண்ணி. அவரு வர்றதில்ல. அந்தம்மா வர்றாங்க."

"என்னாடி சொல்ற?"

"ஒண்ணும் கேக்கறதில்ல. உன் கடையில துணி வெட்டுற மேசையாண்ட வந்து உக்காந்திருக்காங்க. அவ்ளோதான்."

நாளைக்கு அந்த மேசையில்தான் நான் துணி வெட்ட வேண்டும். பயம் கோபமாக வந்தது.

"வருவாங்கடி, ஏன் வர மாட்டாங்க? சுட்டது அவுங்க, குறி தப்புனது அவுங்க. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த சிவசங்கருக்குக்கூடத் தெரியும். யாருமே உன்னைக் குத்தம் சொல்லல. நீயா வலியப் போயி உன் தலையில வாரிப் போட்டுகிட்டியே, வேலையும் போச்சே, எதுக்குடி? எதுக்கு?"

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோசப் விழுந்த அன்னிக்கு ஸ்டேஷன்ல இருந்த ஏட்டு என்னா சொன்னாரு தெரியுமா அண்ணி? வேகமா, அஜாக்கிரதையா ஓட்டியிருக்கான், அவன் தப்புதான்னாரு. ரோட்டுல ஆள் உயரம் பள்ளம். அதை மூடாம வுட்ட ரோடு கான்ட்ராக்ட்காரனும் அங்க ஸ்டேஷன்லதான் நின்னான், கையைக் கட்டிகிட்டு. 'அவன் தப்பு இல்லம்மா, என் தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவான், சொல்லிடுவான்னு அவன் வாயையே பாத்துகிட்டிருந்தேன்."

"சொன்னானா?"

"இல்ல. நான் இன்னும் பாத்துகிட்டுதான் இருக்கேன்."